ஒல்லி எழுத்தும் மஞ்சள் பட்டையும்

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "இன்னா சைஸுல போட்டுக்கீற? ரோட்டுக்கு அந்தாண்டருந்து தெரியுமா?" என்றுதான் முதலில் கேட்பார். கடையில் எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கும் அப்படியே.

திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் பகலெல்லாம் வரிசைகட்டி நிற்கும் சாலையோரத்தில் இருந்தது எங்கள் போர்டு கடை. கடைப் பெயர்ப் பலகை, ஸ்டிக்கர், கம்பெனிகளுக்கு வேண்டிய அபாய அறிவிப்பு எல்லாம் செய்வோம். கம்ப்யூட்டரில் எழுத்தை அமைப்பது நான். மெஷின் வெட்டித் தரும் ஸ்டிக்கர் ஷீட்டில் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை உரித்தெடுப்பதும், போய்ச் சுவரில் ஒட்டிவிட்டு வருவதும் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குள்ளம். உருண்ட உடம்பு. இடுப்பில் தொங்கும் பையில் எப்போதும் ஒரு கத்தி, ஒரு சுரண்டி, ஒரு தைலப் புட்டி.

தைலம் தலைவலிக்கு அல்ல. ஓர் அபாய போர்டு கடையை விட்டுப் போவதற்கு முன்னால் அதை வாசலில் சாய்த்து வைப்பார். இரண்டு கண்ணுக்குக் கீழும் தைலத்தை இழுத்துக்கொள்வார். கண் கலங்கி, மூக்கு ஒழுகி, இமை ஒட்டிக்கொள்ளும்வரை பேசாமல் நிற்பார். பிறகு போர்டைப் பார்த்தபடியே, எண்ணிக்கொண்டு, பின்பக்கமாக நடந்து ரோட்டுக்குப் போவார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதைப் பார்த்துவிட்டு எனக்குக் குலை நடுங்கிவிட்டது.

"அக்கா! பின்னாடி வண்டி வருது!"

"வர்ட்டும். போர்டு இன்னும் தெரியல."

ஹாரன் அலறியது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அழுகிற கண்ணோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நைனா, ஒக்காந்த கண்ணுக்கு எழுதாத. ஓட்ற கண்ணுக்கு எழுது. இத்த மாத்து" என்றார். மாற்றினேன். வேறு வழியில்லை, அந்தக் கலங்கிய கண்ணுக்குத் தெரியாத போர்டை அவர் எடுத்துப்போய் ஒட்ட மாட்டார்.

அக்கா பயந்தவர். குறையாகச் சொல்லவில்லை. முழுநேரமும் பயந்துகொண்டு, அந்தப் பயத்தோடே வேலையும் செய்து, வாய்விட்டுச் சிரிக்கவும் சிரித்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அவருடைய முதல் பேச்சு, "வாசல் எங்க கீது?" என்பதுதான். உள்ளே வந்த வாசலைக் கேட்கவில்லை, வெளியே போகிற இன்னொரு வாசலைக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆயிற்று.

எம்.கே.பி. நகரில் ஒரு மண்டபத்தில் என் கல்யாணம். அக்கா வந்தார். மேடைக்கு வரவில்லை, மொய் எழுதவில்லை, நேராகப் பின்கட்டுக்குப் போனார். அங்கே இருந்த கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். சமையல்காரர்களை அதட்டி அத்தனையையும் நகர்த்த வைத்து, தாழ்ப்பாளைத் திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் எங்களிடம் வந்தார். என் மனைவி ரேவதியின் கன்னத்தை வழித்து, "மகராசியா இரு. பின்னாடி கதவு தொறந்துக்கும், நா பார்த்துட்டேன்" என்றார். ரேவதி சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அந்தக் கதவின் பக்கம் என் கண் போய்ப் போய் வந்தது. பயம் ஒட்டுவாரொட்டி.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு ஓர் எழுத்துருவின்மேல் பைத்தியம் பிடித்தது. கவராயமும் அடிக்கோலும் மட்டும் வைத்துக்கொண்டு வரைந்த மாதிரி இருக்கும். ஆங்கில 'ஓ' ஒரு முழு வட்டம். கோடு எங்கேயும் தடிக்காது, எங்கேயும் மெலியாது, நுனியில் வாலோ கொக்கியோ கிடையாது. அதற்குத் தமிழிலும் ஒரு ஜோடி செய்திருந்தார்கள். 'ட' என்றால் இரண்டே கோடு. 'ப' மூன்று கோடு. மூன்றுசுழி 'ண'வின் சுழிகள் மூன்றும் கழற்றி வைத்த வளையல்கள். அதிலேயே ஆக மெல்லிய வகையை நான் எடுத்துக்கொண்டேன். கடையில் அதற்கு 'ஒல்லி' என்று பெயர் வந்துவிட்டது.

பெரம்பூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு ஒல்லியில் போர்டு போட்டேன். பல்வலி இல்லாதவனும் உள்ளே போகலாம் போலிருந்தது. கேக் கடை, அழகு நிலையம், அபார்ட்மென்ட் நுழைவாயில், கல்யாணப் பத்திரிகை என்று எதற்குப் போட்டாலும் அந்த இடத்தில் ஏசி ஓடுகிற மாதிரி ஒரு குளிர்ச்சி. அந்த எழுத்து யாரையும் அதட்டாது. கிட்டே வந்து படி என்று சொல்லும். கிட்டே வர நேரம் இருக்கிறவர்களுக்கு அதைப்போல இன்னோர் எழுத்து கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அக்காவுக்கு அது ஆகவே ஆகாது. உரிக்கும்போது அறுந்து அறுந்து வரும். "மசுரு மாரி கீதுப்பா. இத்த எவன் படிப்பான்?" என்று திட்டிக்கொண்டே உரிப்பார். ஒல்லி எழுத்துக்கு ஷீட்டில் கால்வாசிகூடச் செலவாகாது. எழுத்தின் வடிவில் கீறல் கீறலாகத் துளை விழுந்த மிச்ச ஷீட்டை அக்கா தூக்கிப் போட மாட்டார். சுருட்டிச் சுருட்டி மேஜைக்கு அடியில் வைப்பார். காசிமேட்டுக்காரர் ஒருவர் விசைப்படகில் அவர் அம்மா பெயரை ஒல்லியில் ஒட்டச் சொன்னார். ஒட்டி, படகு நூறடி தள்ளிப் போனதும் பெயர் காணாமல் போனது. "இன்னா மேடம், எங்கம்மாவக் காணோம்?" என்று அவர் அக்காவிடம் சண்டைக்கு வர, அக்கா என்னைக் கை காட்டினார். அன்று கடையே உருண்டு சிரித்தது.

பிறகு அந்த ஆர்டர் வந்தது. எண்ணூர்ப் பக்கம் இறாலைச் சுத்தம் செய்து, உறைய வைத்து, பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. ரேவதி அங்கேதான் வேலை பார்த்தாள். பின்பக்கப் பேக்கிங் ஹாலில் குளிர் சரியாக இருக்கிறதா என்று மணிக்கொருதரம் பார்த்து எழுதுவது அவள் வேலை. அவள் சொல்லித்தான் மேனேஜர் எங்கள் கடைக்கு வந்தார். வெளிநாட்டு வியாபாரிகள் பார்வையிட வரப்போகிறார்கள், உள்ளே இருக்கும் எல்லா போர்டும் டீசன்ட்டாக மாற வேண்டும், கம்பெனி நிறமான மாம்பழ மஞ்சளில் இருக்க வேண்டும் என்றார். நான் ஒல்லியைக் காட்டினேன். வெள்ளைச் சுவரில் மெல்லிய மஞ்சள் எழுத்து. திரையில் அது அப்படி மின்னியது. எங்கள் முதலாளி திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், லேசில் பாராட்ட மாட்டார். அவரே, "பய நல்லா செஞ்சிருக்காம்லா" என்று என் முதுகில் தட்டினார்.

அவசர வழி போர்டையும் ஒல்லியிலேயே செய்திருந்தேன். அக்கா அதை வாசலில் சாய்த்துவைத்துத் தைலத்தை இழுத்துக்கொண்டார். ஐந்தாவது அடியிலேயே நின்றுவிட்டார்.

"வெறும் செவுருதான் தெரியுது. இத்த நா ஒட்ட மாட்டேன்."

"அக்கா, கஸ்டமர் ஓகே சொல்லிட்டார். அழுதுக்கிட்டே யாரு போர்டு படிக்கப் போறா?"

அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பத்தொம்போது வயசு எனுக்கு. எறா கம்பெனிலதான் இருந்தேன். இது இல்ல, வேற. ஒரு நாளு கேஸு வுட்டுக்கிச்சு. ஐஸ் போட்றதுக்கு வெச்சிருப்பான்ல, அந்தக் கேஸு. கண்ணு எரிஞ்சு மூடிக்கிச்சு, தொறக்கவே முடில. தலைக்கு மேல எங்கியோ போர்டு கீது, எனுக்குத் தெரியும். யாரு பார்க்கறது? நானும் இன்னொரு பொண்ணும் கையப் புடிச்சுகினு ஓட்னோம். ஒரு கதவு ஆப்ட்டுச்சு. இதுதான்னா அவ. இது இல்லடின்னேன் நானு. கைய வுட்டுட்டா."

"அப்புறம்?"

"அவ தொறந்துகினு போனது ஐஸ் ரூமு."

அக்கா எழுந்து போய் அடுத்த ஷீட்டை உரிக்கத் தொடங்கினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்குப் பிறகும் நான் எழுத்தை மாற்றவில்லை. திரையில் அவ்வளவு அழகாக இருந்ததைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை, மேனேஜரிடம் போய் மறுபடி நிற்கவும் தைரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறையில் அக்கா போய் எல்லா போர்டையும் மறுபேச்சில்லாமல் ஒட்டிவிட்டு வந்தார். மறுநாள் சாயந்தரம் ரேவதி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"உங்க அக்கா செவுத்துல ஏதோ பட்டை ஒட்டி வெச்சிருக்காங்க. சோத்துக்கைப் பக்கம், இடுப்பு உயரத்துல. எங்க ஹால்லருந்து காரிடார் வழியா பின்வாசல் வரைக்கும் ஒரே பட்டை. மேல பூரா கீறல். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து எங்க எல்லாரையும் கண்ண மூடிக்கிட்டு அதத் தடவிக்கிட்டே நடக்க வெச்சாங்க. ஒரே சிரிப்பு."

எனக்குப் புரிந்துவிட்டது. ஒல்லியை உரித்ததில் மிஞ்சிய மஞ்சள் ஷீட். மூன்று அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, விரலில் படுகிற மாதிரி செய்திருக்கிறார். காரிடாரின் இடப்பக்கம் முழுக்க ஐஸ் ரூம் கதவுகள். அதனால்தான் வலப்பக்கச் சுவர்.

புதன்கிழமை மேனேஜர் போனில் கத்தினார். நாளைக் காலை பத்தரைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், சுவரில் இது என்ன கலீஜ் வேலை, உடனே பிய்த்தாக வேண்டும். அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் நானே சுரண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பின்வாசலில் தொடங்கி, காரிடார் முழுக்கப் பிய்த்துக்கொண்டே உள்ளே போனேன். பேக்கிங் ஹாலைக் கழுவிப் பூட்டியிருந்தார்கள். ஹாலுக்குள் இருந்த பட்டை அப்படியே நின்றது. காரிடார் சுவரில் பசை மட்டும் தங்கிவிட்டது. பிய்த்த இடத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் வேலை முடிந்ததாக எங்கள் தொழிலில் கணக்கு. எனக்கு அலுப்பாக இருந்தது. காலையில் ஒன்பது மணிக்கு வந்து துடைத்துவிடுகிறேன் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். ரேவதியிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு நான் கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் முன் உட்கார்ந்திருந்தேன். மணப்பெண்ணின் பெயர், ஒல்லியில். எழுத்துக்கு எழுத்து இடைவெளி சரியாக விழவில்லை. நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டே மணி ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. மண்ணெண்ணெய்ப் புட்டியும் பழந்துணியும் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தபோது, எதிர்ச் சாரியில் லாரியிலிருந்து ஒரு டிரைவர் குரல் கொடுத்தார். எண்ணூர் இறா கம்பெனியில் கேஸ் லீக்காம், அந்த ரோட்டில் போக வேண்டாம் என்று வேறொரு டிரைவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரோட்டுக்கு ஓடினேன். அக்கா ஸ்கூட்டரை எடுத்துவிட்டிருந்தார். "ஏறு" என்றார்.

கேட்டை நெருங்குவதற்கு முன்பே மூக்கு எரிந்தது. முன்பக்க ஷெட்டில் இறால் உரிக்கும் பெண்கள் ஷட்டர் வழியாக வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து தண்ணீரை வாரி வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ரேவதி இல்லை. பின்பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை என்று ஒரு பெண் சொன்னாள். தீயணைப்பு வண்டியும் வரவில்லை. பின்வாசலைப் பார்த்து ஓடினேன். அக்கா என் காலரைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்.

"உள்ள போனா நீயும் கண்ண மூடிகினு நிப்ப. சொம்மா இரு. பட்டை கீது. அத்தப் புடிச்சுகினு வந்துருவா."

சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அக்கா… நேத்து நான் பிய்ச்சிட்டேன்."

"இன்னாது?"

"காரிடார் பட்டைய. மேனேஜர் சொன்னாரு. ஹால்ல இருக்கு. காரிடார்ல இல்ல."

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கோபம் இல்லை அதில். அவர் அந்த நிமிஷம் பத்தொன்பது வயதுப் பெண்ணாக இருந்தார். ரேவதி பட்டையைத் தடவிக்கொண்டு வந்து, அது முடிகிற இடத்தில் நின்று, கையைக் காற்றில் துழாவி, இடப்பக்கம் திரும்பி ஒரு கதவைத் தொடுவது எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. பிறகு அக்கா என் தோள்பையை முகர்ந்தார்.

"கிருஷ்ணாயிலு வாட அடிக்குது. செவுத்தத் தொடச்சியா?"

"இல்லக்கா. தொடைக்கத்தான் கெளம்பினேன்."

அக்கா செக்யூரிட்டி அறைக்கு ஓடினார். லாரி நம்பரைக் கூப்பிடும் மைக் அங்கே இருந்தது. அதன் ஒலிபெருக்கிகளில் ஒன்று பின்பக்கக் காரிடாரில் உண்டு.

"ஏ பொண்ணுங்களா! பட்டை முடிஞ்சா நிக்காதீங்க! அதே செவுரு, சோத்தாங்கைப் பக்கம், பிசுபிசுன்னு பசை கீது. அத்தத் தடவிக்கினே வாங்க! எடப்பக்கம் போவாதீங்க, எந்தக் கதவையும் தொறக்காதீங்க! கைய வுடாதீங்கடி! யாரும் யாரு கையயும் வுடாதீங்க!"

திரும்பத் திரும்ப அதையே சொன்னார். குரல் உடைந்து, கட்டி, மறுபடி வந்தது. நான் மண்ணில் உட்கார்ந்து பின்வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பிடக்கூடத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் ஒன்று இல்லை.

கதவு உள்ளிருந்து இடிபட்டுத் திறந்தது. வெள்ளைப் புகையோடு ரேவதி வந்தாள். கண் இறுக மூடியிருந்தது. வலது கை இன்னும் சுவரைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் இடது கையை ஒருத்தி பிடித்திருந்தாள், அவள் கையை இன்னொருத்தி. பேக்கிங் ஹாலில் இருந்த அத்தனை பேரும் ஒரே சங்கிலியாக வந்தார்கள். இரண்டு பேர் சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார்கள். யாரும் சாகவில்லை.

ரேவதியின் கண்ணில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். அவள் என் கன்னத்தைத் தொட்டபோது விரல்கள் என் தோலில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை விரித்துப் பார்த்தார். ஐந்து விரல் நுனியிலும் கறுப்பாகப் பசை. அக்கா என் தோளிலிருந்து பையை எடுத்தார். பழந்துணியில் மண்ணெண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு விரலாகத் துடைக்கத் தொடங்கினார்.

"பாதியில பட்டை இல்லக்கா" என்றாள் ரேவதி. "அங்கயே செத்தோம்னு நெனச்சேன். எப்படி இல்லாமப் போச்சு?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்க்காமலே பேசினார்.

"ஈரத்துல உரிஞ்சி வுழுந்துக்கும்மா. நாந்தான் சரியா ஒட்டல. என் தப்பு."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

சில மாதத்தில் அக்கா புழல் பக்கம் குடிபோனார், கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். நான் இப்போது வேறு இடத்தில் வேலை செய்கிறேன். யாராவது ஒல்லியில் செய்து தரச் சொன்னால் உள்ளங்கை வேர்த்துவிடும். ரேவதி இன்றைக்கும் அந்த நாளைப் பற்றிப் பேசினால், "பாவம், அக்கா கொஞ்சம் கவனமா ஒட்டியிருக்கலாம்" என்று முடிப்பாள். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான். இப்போது சமையலறையில் இருக்கிறாள். பயமாக இருக்கிறது. இதை அவளுக்காக அச்செடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன், இருப்பதிலேயே தடித்த எழுத்தில்.